அசையும் பாடங்களின் சாவி யார் கையில்?



உங்கள் அறிவியல் பாடநூலையோ கணக்குப் பாடநூலையோ எடுத்து 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைத் திருப்பிப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் பாடநூல்களில் இந்தப் பகுதி இடம்பெற்றது. உங்கள் அண்ணனோ அக்காவோ படித்த பழைய பிரதி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் குறியீடு இருக்கும். செய்ய வேண்டிய படிகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். உலாவி கேட்டால் பிளாஷ் பிளேயரையோ ஜாவாஸ்கிரிப்டையோ அனுமதிக்க வேண்டும் என்பதே அந்தக் குறிப்பின் சாரம்.

அந்த ஒரு வரியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இன்று உயிரோடு இல்லை. பிளாஷ் பிளேயரை அனுமதிக்க இனி எவராலும் முடியாது; பரவலாகப் புழங்கும் உலாவி எதுவும் இன்று அதை இயக்குவதில்லை. மற்றொன்றாகிய ஜாவாஸ்கிரிப்டு உலகின் ஏறத்தாழ எல்லா உலாவிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வரியில், ஒரே மதிப்புடன் அச்சிடப்பட்ட இரண்டில் ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று மாண்டதும் ஏன்? கதை கேட்கும் ஆர்வத்தால் மட்டும் இதைக் கேட்கவில்லை. இனி உங்களுக்காக எழுதப்படப்போகும் பாடங்கள், நீங்களே எழுதப்போகும் பாடங்கள் எத்தனை ஆண்டு வாழும் என்பது இதன் விடையைப் பொறுத்தே இருக்கிறது.

மூன்றின் பிறப்பு

அந்தச் சதுரக் குறியீட்டையும் சேர்த்துக்கொள்வோம். ஆக, அந்தச் சிறு கட்டத்துக்குள் மூன்று கண்டுபிடிப்புகள். மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. மூன்றையும் பெற்றவை வணிக நிறுவனங்களே.

கியூ.ஆர். குறியீடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவாயிற்று. மோட்டார் வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காண்பதே அதன் முதல் வேலை. நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றது. ஆனால் அந்த உரிமையைக் காட்டி மற்றவர்களைத் தடுக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் அது பன்னாட்டுத் தரநிலையாயிற்று. இன்று ஆம்பூர்க் கடைத்தெருவில் தேநீர்க் கடைக்குப் பணம் செலுத்தவும் அதுவே பயன்படுகிறது.

ஜாவாஸ்கிரிப்டு 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் எழுதப்பட்டது. முதல் வடிவத்தைப் பத்தே நாளில் முடித்தார் என்பார்கள். அதன் இலக்கணத்தை நெட்ஸ்கேப் ஒரு பொதுத் தரநிலை அமைப்பிடம் ஒப்படைத்தது. 1997இல் அந்த இலக்கணம் எவரும் படிக்கும்படி வெளியாயிற்று. 2008 மார்ச்சுடன் நெட்ஸ்கேப் உலாவிக்கான ஆதரவு நின்றுவிட்டது. பெற்ற வீடு மூடப்பட்டது. பிள்ளை ஊரார் வளர்ப்பில் ஓங்கி வளர்ந்தது.

பிளாஷின் முன்னோடி 1996இல் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கியது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. கைகள் மாறின, ஆனால் எப்போதும் அது ஒரே ஒரு கைக்குள்தான் இருந்தது. கோப்பு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை விவரிக்கும் ஏட்டை அடோபி வெளியிட்டது உண்மை. 2008இல் அதன்மேல் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் உண்மை. ஆனால் கோப்பை இயக்கிக் காட்டும் பிளேயர், அதன் உள்ளமைப்பு, அதன் எதிர்காலம் ஆகிய மூன்றும் அந்த நிறுவனத்திடமே இருந்தன.

மூன்றில் இரண்டு திறந்து விடப்பட்டன, அவை வாழ்கின்றன. ஒன்று கைக்குள் வைக்கப்பட்டது, அது மாண்டது. மூன்றே எடுத்துக்காட்டுகளை வைத்து விதி வகுப்பது அறிவியல் முறை ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். சரியான கேள்வி. ஆகவே, அது எப்படி மாண்டது என்பதையும் பார்த்துவிடுவோம்.

செருகுநிரல் என்பது என்ன?

பிளக்-இன் என்பதைத் தமிழில் செருகுநிரல் என்கிறோம். உலாவி என்பது வலைப்பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் மென்பொருள். 1990களில் உலாவிக்கு எழுத்தையும் அசையாப் படத்தையும் காட்டத் தெரியுமேயன்றி, அசையும் படங்களை வரைவதில் அதற்கு அதிகத் தேர்ச்சி இல்லை. எனவே பக்கத்தில் ஒரு செவ்வகத்தை ஒதுக்கி, "இந்த இடத்தை நீ பார்த்துக்கொள்" என்று வேறொரு மென்பொருளிடம் விட்டுவிடுவார்கள். அந்த மென்பொருளே செருகுநிரல். செவ்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது உலாவிக்குத் தெரியாது. வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அதன் சாவியையும் வாடகைதாரரிடமே கொடுத்துவிடுவது போன்றது இது.

நெடுங்காலம் இது நன்றாகவே நடந்தது. பிளாஷால் கார்ட்டூன்கள் ஓடின, விளையாட்டுகள் ஓடின, ஊசலும் அலையும் மின்சுற்றும் பாடமாக ஓடின. ஆனால் அந்த அறையின் சுவரில் ஓட்டை விழுந்தபோது, அதன் வழியே நச்சு நிரல்கள் நுழைந்தபோது, உலாவியை எழுதியவர்களால் அதை அடைக்க முடியவில்லை. அடைக்கும் வல்லமை ஒரே நிறுவனத்துக்குத்தான் இருந்தது. ஓட்டைகள் ஆண்டுதோறும் வந்தவண்ணம் இருந்தன.

2007இல் வந்த ஐபோன் பிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை ஒரு திறந்த கடிதமாகவே எழுதினார். பாதுகாப்பு, மின்கலச் செலவு ஆகியவற்றோடு, ஒரே நிறுவனத்தின் உடைமையாக அது இருப்பதையும் குறையாகச் சொன்னார். அவருடைய நிறுவனமும் பூட்டுப் போடுவதில் சளைத்ததன்று என்பது வேறு செய்தி. 2011 நவம்பரில் கைபேசிகளுக்கான பிளாஷைத் தொடர்ந்து உருவாக்கப் போவதில்லை என்று அடோபி அறிவித்தது. 2017 ஜூலையில், 2020 இறுதியோடு பிளாஷ் முழுவதும் நிறுத்தப்படும் என்று அறிவித்தது. சொன்னபடியே 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயர் தானாகவே இயங்க மறுத்தது. அந்த நாளுக்குப் பிறகு ஓடாதே என்ற கட்டளை அதனுள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

இந்தத் தேதிகளை நம் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறுதி நாள் 2017இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. நம் நூல்கள் 2018இல் வந்தன. குறிப்பு எழுதியவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அப்போது இணையத்தில் கிடைத்த நல்ல பாடங்களில் பல பிளாஷில்தான் இருந்தன, அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நான் சொல்ல வருவது இதுதான்: அச்சிட்ட பாடநூல் அலமாரியில் ஐம்பது ஆண்டு இருக்கும். எங்கோ ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு எடுத்த முடிவால் அதன் ஒரு பக்கம் மட்டும் செல்லாமல் போவது சரிதானா?

நாம் மட்டும் அகப்பட்டுக்கொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவின் வருமான வரித்துறை தன் படிவங்களில் சிலவற்றைப் பிளாஷில் வைத்திருந்தது. அது நின்றதும், அந்தப் படிவங்களைத் திறப்பதற்கென்றே 2021 ஜனவரியில் தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை என்றால், ஓர் அரசுப் பள்ளியின் கணிப்பொறி அறைக்கு என்ன வழி?

ஆம்பூருக்குத் தெரிந்த பாடம்

'திறந்த தரநிலை' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மிரள்கிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் மிரள வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாரேனும் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தால் அவர்களைக் கேளுங்கள். ஏற்றுமதிக்குச் செல்லும் காலணியில் 42 என்று எண் இருக்கிறதே, அது என்ன? பாரிஸ் புள்ளி என்னும் அளவு அது. மூன்று புள்ளிகள் சேர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர். எனவே 42 என்றால், லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் நீளம் 28 சென்டிமீட்டர்.

இந்த அளவு எவருக்கும் சொந்தமன்று. மேல்தோலை ஆம்பூரில் தைக்கலாம். அடிப்பாகத்தை வேறு ஊரில் வார்க்கலாம். லாஸ்டை மூன்றாவது ஊரில் செய்யலாம். மூன்றும் சேரும்போது பொருந்தும். அளவு எல்லோருக்கும் தெரிந்தது என்பதே காரணம். இந்த 42 என்ற அளவை ஒரே ஒரு நிறுவனம் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்து, ஒருநாள் "இனி நாங்கள் இந்தத் தொழிலில் இல்லை" என்று கிளம்பிவிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வலைப்பக்கத்துக்கும் அப்படிப்பட்ட பொது அளவுகள் உண்டு. பக்கத்தின் கட்டமைப்புக்கு எச்.டி.எம்.எல்., கோட்டோவியத்துக்கு எஸ்.வி.ஜி., தோற்றத்துக்கும் எளிய அசைவுக்கும் சி.எஸ்.எஸ்., கணக்கிட்டு இயக்க ஜாவாஸ்கிரிப்டு. எஸ்.வி.ஜி. 2001இல் தரநிலையாயிற்று, அசைவையும் வரைவையும் உலாவிக்குள்ளேயே கொண்டுவந்த எச்.டி.எம்.எல். 5, 2014 அக்டோபரில் தரநிலையாயிற்று. இவற்றின் விதிகள் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து எவரும் உலாவி எழுதலாம். குரோம், பயர்பாக்ஸ், சபாரி மூன்றும் வெவ்வேறு அமைப்புகள் செய்தவை. ஒரே கோப்பை மூன்றும் திறக்கின்றன.

டிரம்மின் உள்ளே

நம் பகுதிக்கே உரிய ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்கள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தோலும் நீரும் வேதிப்பொருள்களும் இருக்கும். உட்சுவரில் முளைகள் இருக்கும். டிரம் சுழலும்போது முளைகள் தோலை மேலே தூக்கிச் செல்லும். ஓரிடத்தில் தோல் சுவரை விட்டு விலகிக் கீழே விழும். இந்த விழுதலும் புரளலும்தான் வேதிப்பொருளைத் தோலுக்குள் ஏறச் செய்கின்றன. ஆனால் டிரம் மூடியிருக்கிறது. உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாது. இங்கேதான் அசையும் படம் நமக்குத் தேவைப்படுகிறது.

டிரம்மை வேகமாகச் சுழற்றினால் என்ன ஆகும்? ஒரு வேகத்துக்கு மேல் தோல் விழவே விழாது. சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். உச்சியில், வட்டப் பாதைக்கு வேண்டிய மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகும் வேகம் அது. ஆரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, 30 என்ற எண்ணை ஆரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த வேகம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று ஏறத்தாழக் கிடைக்கும். ஆரம் 1.5 மீட்டர் என்றால் சுமார் 24 சுற்று. தொழிற்சாலையில் இதைவிட வெகு குறைந்த வேகத்திலேயே டிரம்மை ஓட்டுகிறார்கள். ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இதையே எஸ்.வி.ஜி.யில் எழுதுவோம். அந்தக் கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. "ஒரு வட்டம்; மையம் 100, 100; ஆரம் 80; நிறம் பழுப்பு" என்ற பொருளில், அதற்குரிய ஆங்கிலக் குறிச்சொற்களால் ஒரு வரி எழுதினால் டிரம் வந்துவிடும். ஒரு வரி என்றால் நூறு எழுத்துகளுக்கும் குறைவு. இதே வட்டத்தை 500க்கு 500 புள்ளிகள் கொண்ட நிழற்படமாகச் சுருக்காமல் சேமித்தால் 2,50,000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் 7,50,000 பைட்டு வேண்டும். அதுமட்டுமன்று, நிழற்படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் கரடுமுரடாகும். எஸ்.வி.ஜி. வட்டத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது வட்டமாகவே இருக்கும், ஏனெனில் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி புதிதாகக் கணக்கிட்டு வரைகிறது.

அடுத்து, சி.எஸ்.எஸ்.இல் இன்னும் சில வரிகள்: இந்த உருவம் 8 விநாடிக்கு ஒரு முறை முழுச்சுற்று சுற்றட்டும். நிமிடத்துக்கு 7.5 சுற்று. டிரம் சுழலத் தொடங்கிவிடும்.

தோல் எங்கே விழும் என்று காட்ட ஜாவாஸ்கிரிப்டு வேண்டும். பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் நம் நிரல் டிரம்மை 0.75 பாகை திருப்பும். தோல் சுவரை விட்டு விலகும் இடத்தைக் கணக்கிடும். தோலை ஒரு சிறு பொருளாகவும், முளை அதைச் சுவரோடு சேர்த்தே தூக்கிச் செல்வதாகவும் கொண்டால், உச்சிக்கோட்டிலிருந்து அது விலகும் கோணத்தின் கொசைன் மதிப்பு, மையநோக்கு முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 1.5 மீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 7.5 சுற்று என்றால் அந்தக் கோணம் சுமார் 85 பாகை. அதாவது அச்சின் மட்டத்தைச் சற்றே தாண்டியதும் விழத் தொடங்கும். 20 சுற்று என்றால் சுமார் 48 பாகை. நன்றாக மேலே ஏறிய பிறகே விழும். வேகத்தை மாற்ற ஒரு நகர்த்துகோலைத் திரையில் வைத்துவிட்டால், அதை இழுத்து இழுத்துப் பார்த்து மாணவன் தானே விதியைக் கண்டுபிடிப்பான்.

வீடியோ போதாதா என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். போதாது என்பது என் கருத்து. வீடியோவில் டிரம் படம் எடுத்தவரின் வேகத்தில் சுற்றும். இங்கே உங்கள் கேள்வியின் வேகத்தில் சுற்றும். இயற்பியல் என்பது "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்ற கேள்விதானே?

எதிர்த்தரப்பையும் கேட்போம்

பிளாஷுக்காகப் பேசுகிறவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. பிளாஷில் நிரல் எழுதத் தெரியாத ஓவிய ஆசிரியர்கூடப் படம் வரைந்து, தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் காட்டினால் போதும். இடைப்பட்ட அசைவை அது நிரப்பிக்கொள்ளும். அத்தனை எளிய கருவி திறந்த தரநிலைகளின் பக்கம் நெடுநாள் இல்லை. இன்றும் போதிய அளவு இல்லை என்றே சொல்வேன். தரநிலைக் குழுக்கள் மெல்லத்தான் நகரும். எஸ்.வி.ஜி. 2001இல் வந்தாலும் எல்லா உலாவிகளும் அதை ஏற்க ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. அந்தக் குழுக்களிலும் பெரிய நிறுவனங்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

திறந்த தரநிலைக்கும் ஆபத்து வருவதுண்டு. எஸ்.வி.ஜி.க்குள்ளேயே அசைவை எழுத ஸ்மில் என்றொரு முறை இருக்கிறது. 2015இல் குரோம் உலாவிக் குழு அதைக் கைவிடப் போவதாக அறிவித்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் காரணம் காட்டி வாதாடினார்கள். மற்ற உலாவிகள் அதைத் தொடர்ந்து ஆதரித்தன. 2016இல் அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. இன்றும் ஸ்மில் ஓடுகிறது. இதைப் பிளாஷின் முடிவோடு ஒப்பிடுங்கள். அங்கே ஓர் அறிவிப்பு, ஒரு தேதி, அவ்வளவுதான். இங்கே பொதுவிடத்தில் ஒரு வாதம் நடந்தது; முடிவு மாறியது. திறந்த தரநிலை சாகாவரம் தருவதில்லை. ஆனால் சாகும் நேரத்தில் நம்மையும் ஒரு வார்த்தை கேட்க வைக்கிறது.

பிளாஷ் திறந்திருந்தால் இன்றும் கோலோச்சியிருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. பழையன கழிதல் இயற்கை. கழியும்போது நம் பாடங்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும் உரிமை அதற்கு இருந்திருக்கக் கூடாது என்பதே என் வாதம். பழைய பிளாஷ் கோப்புகளைக் காப்பாற்ற இன்று ரபிள் என்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதி வருகிறார்கள். அது செருகுநிரல் இல்லாமலே அவற்றை உலாவியில் ஓட்டுகிறது. 2020 நவம்பரில் இணைய ஆவணக்காப்பகம் அதன் துணையோடு பழைய பிளாஷ் படைப்புகளைத் திறந்து வைத்தது. பாராட்டத்தக்க தொண்டு. ஆனால் சாவியைத் தொலைத்த பிறகு பூட்டை அறுப்பது போன்ற வேலை அது. எல்லாக் கோப்பும் அதில் சரியாக ஓடுவதில்லை.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தைப் பல ஆசிரியர்கள் அறிவார்கள். அதன் செயல்விளக்கங்கள் முதலில் ஜாவாவிலும் பிளாஷிலும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல். 5க்கு மாற்றி எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் உழைப்பும் பொருளும் செலவாயின. பலன் என்ன? இன்று அவை கைபேசியிலும் ஓடுகின்றன. இறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் ஓடுகின்றன. பலவற்றைத் தமிழிலும் பார்க்கலாம். நம் நாட்டின் மெய்நிகர் ஆய்வுக்கூடத் திட்டமும் தன் பழைய பரிசோதனைகளை இவ்வாறே மாற்றி எழுதும் வேலையைச் செய்ய நேர்ந்தது. முதலிலேயே திறந்த முறையில் எழுதியிருந்தால் அந்த உழைப்பில் எத்தனை புதிய பாடங்கள் பிறந்திருக்கும்!

தமிழுக்கு இது புதிதன்று

உங்கள் தாத்தா, அப்பா தலைமுறையைக் கேளுங்கள். தொடக்கக் காலத்தில் இணையத்தில் தமிழ்ப் பத்திரிகை படிக்க வேண்டுமானால், பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு வேண்டும். ஒன்றின் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அப்போது எழுதிச் சேமித்த எத்தனையோ கோப்புகள் இன்று படிக்க முடியாமல் கிடக்கின்றன. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்த பிறகே தமிழ் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் சிதையாமல் சென்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. எஸ்.வி.ஜி. படத்தில் எழுதும் 'டிரம்', 'முளை' என்ற சொற்களும் அதே யூனிகோடு எழுத்துகள்தான். அவற்றைத் தேடலாம், திருத்தலாம், பார்வையற்ற மாணவருக்குத் திரை வாசிப்பான் படித்துக் காட்டலாம். எழுத்தில் பட்டுத் தெளிந்த நாம் அசையும் படத்திலும் ஏன் மீண்டும் பட வேண்டும்?

அரசுக்கு இதில் வழிகாட்டி இல்லாமல் இல்லை. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரிலேயே வெளியிட்டது. தரநிலையின் விதிகள் கிடைக்க வேண்டும், அதன் காப்புரிமைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது, இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அதைப் பேண வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். வரிப் படிவத்துக்கும் நிலப்பட்டாவுக்கும் பொருந்தும் இந்த விதி, பிள்ளைகள் படிக்கும் பாடத்துக்கும் பொருந்த வேண்டும். பொதுப்பணத்தில் செய்யப்படும் ஒவ்வோர் அசையும் பாடமும் திறந்த தரநிலையில் இருக்க வேண்டும். அதன் மூலக் கோப்பும் பாடத்தோடு சேர்த்து வெளியிடப்பட வேண்டும். பாடநூல் எழுதுவோர் முன் நான் வைக்கும் கோரிக்கை இது ஒன்றே.

உங்களுக்கு மூன்று சோதனைகள்

மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? இனி எந்த அசையும் பாடத்தைக் கண்டாலும் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது: அதை இரண்டு வெவ்வேறு உலாவிகளில் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஓடுகிறதா?

இரண்டாவது: கோப்பை இறக்கிக்கொண்டு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஓடுகிறதா?

மூன்றாவது: அதைச் சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்து, உள்ளே உள்ள ஒரு சொல்லையோ ஓர் எண்ணையோ மாற்றிச் சேமியுங்கள். மாற்றம் திரையில் தெரிகிறதா?

மூன்றிலும் தேறினால் அந்தப் பாடம் நெடுநாள் வாழத் தகுதியுள்ளது. தேறாவிட்டால், அதை நம்பிக் கட்டுரையோ அறிவியல் கண்காட்சிப் படைப்போ செய்யும் முன் ஒரு முறை யோசியுங்கள். இன்று பளபளப்பாக இருக்கும் பல செயலிகள் மூன்றாம் சோதனையில் தோற்றுப்போவதைக் காண்பீர்கள். பிளாஷ் போய்விட்டது; அதன் பழக்கம் இன்னும் போகவில்லை.

பிறகு, டிரம்மை எழுதிப் பாருங்கள். பள்ளிக் கணிப்பொறியில் எழுத்துத் தொகுப்பானும் உலாவியும் இருந்தால் போதும். வேறு எந்த மென்பொருளையும் வாங்க வேண்டியதில்லை. ஊசலுக்கும் மின்சுற்றுக்கும் உலகம் முழுவதும் செயல்விளக்கங்கள் இருக்கின்றன. இராணிப்பேட்டை டிரம்முக்கும், பாலாற்று மணலுக்குள் நீர் இறங்கும் விதத்துக்கும் கொலராடோவிலிருந்து யாரும் எழுதித் தரமாட்டார்கள். அவற்றை எழுத வேண்டியவர்கள் நீங்களே. எழுதி முடித்ததும், தொழிற்சாலையில் வேலை செய்யும் உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ காட்டுங்கள். வேகத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "உண்மையில் தோல் இப்படி விழாது, இன்னும் கொஞ்சம் வழுக்கும்" என்று அவர் சொல்லக்கூடும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்; நம் கணக்கில் நீரையும் உராய்வையும் நாம் முழுதாகச் சேர்க்கவில்லை. கோப்பைத் திறந்து அந்த வரியைத் திருத்துங்கள். திறக்க முடியும் என்பதால்தானே திருத்தவும் முடிகிறது!